மூன்றாம் அட்டவணை

டாக்டர் என் வலது நாசியில் விளக்கைக் காட்டினார்.
இடது நாசியில் விடிந்தது.

எத்தனை வருஷம் என்று கேட்டார்.
பீணியா இரண்டாம் ஸ்டேஜ்,
பெயர்ப்பலகை இல்லாத ஷெட்,
குரோம் தொட்டி, பதினொரு வருஷம் என்றேன்.
தொட்டியிலிருந்து மஞ்சளாக எழும்பும் ஆவி.
முதலில் அரித்தது, பிறகு ரத்தம் கசிந்தது,
ஒருநாள் தும்மியபோது
கைக்குட்டையில் பொருக்கு ஒன்று விழுந்தது.
அதற்கப்புறம் வலியே இல்லை.
குணமாகிவிட்டது என்று
ரெஜினாவிடம் சொல்லிக் கறிகூட வாங்கி வந்தேன்.

கேஸ் கசிந்த ராத்திரி
அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
சீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.
அவள்தான் ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள்.
உனக்குத் தெரியலையா என்றாள், நான்கைந்து தடவை.

வக்கீல் பாகீரதி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.
சட்டம், மூன்றாம் அட்டவணை,
குரோமியமும் அதன் நச்சுச் சேர்மங்களும் உண்டாக்கும் நோய்கள்.
கன்னடத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு
எனக்காகத் தமிழில் தடுமாறித் தடுமாறிச் சொன்னார்.
புது ரேஷன் கார்டில் பெயர் பார்த்ததுபோல இருந்தது.
நோய்க்கு இடம் இருக்கிறது.
சவரிநாதனுக்குத்தான் இல்லை:
வருகைப் பதிவேட்டில் இல்லை, சம்பளப் பட்டியலில் இல்லை,
இ.எஸ்.ஐ.யில் இல்லை.
சனிக்கிழமைகளில் டீக்கடைக்குப் பின்னால்
காண்டிராக்டர் மஞ்சப்பா எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்த நோட்டுகள்
எந்தக் காகிதத்திலும் ஒட்டவில்லை.

கார்மிக பவன். பத்தொன்பதாவது வாய்தா.
எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.
மூக்குப்பொடி போடுவீரா?
இல்லை.
மூக்கு நோண்டும் பழக்கம் உண்டா?
இதற்கு என்ன பதில் சொல்வது?
எல்லாருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு என்றேன்.
டைப் அடிக்கிறவர் சிரித்துவிட்டார்.
ஆணையர் சிரிக்கவில்லை.
'உண்டு' என்பதை மட்டும் பதிவு செய்யச் சொன்னார்.

என் கட்சிக்காரர் இந்த ஆளைப் பார்த்ததே கிடையாது.
நரசப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் மகள் கல்யாணத்துக்குப் போன காரின் பம்பரை
முகம் தெரிய ஏற்றிக் கொடுத்தவன் நான்.
அன்றைக்குத் தோளைத் தட்டினார்.
தோளில் கைரேகை எடுக்க முடியுமா என்று
பாகீரதியிடம் கேட்க வாயெடுத்தேன்.

இடைவேளையில் கைகழுவப் போனேன்.
குழாயின் கழுத்தில் முலாம் உரிந்து
பித்தளை பல்லிளித்தது.
எவன் போட்டது இது?
நிக்கலை மெல்லிசாகப் பூசி ஏமாற்றியிருக்கிறான்.
எங்கள் தொட்டியில் முங்கி எழுந்திருந்தால்
இந்தக் கட்டிடம் விழும்வரை உரிந்திருக்காது.
அந்த இடத்தில், அந்த நிலையில்
எனக்கு ஏன் கர்வம் வந்ததென்று தெரியவில்லை.

வயதுக்கு ஓர் எண் உண்டாம், சம்பளத்துக்கு ஓர் எண்,
போன திறனுக்கு ஒரு சதவீதம்.
பெருக்க வேண்டும்.
சம்பளம் எவ்வளவு என்று நிரூபிக்காதவரை
எதைப் பெருக்கினாலும் சுழியம்தான்.
ஒரே ஒரு சாட்சி போதும் என்றார் பாகீரதி.
உங்களோடு தொட்டியில் நின்றவர் யாராவது.

இம்தியாஸ் இன்னமும் அங்கேதான் இருக்கிறான்.
ராத்திரி ஷிப்டுக்கு முன்னால் ஜாலஹள்ளி கிராஸில் பிடித்தேன்.
எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டான். தெரியாது என்றேன்.
வந்தால் என் வேலை போகும் என்றான். போகும் என்றேன்.
மூக்கு எப்படி இருக்கிறது?
அரிக்குது அண்ணா. நேத்து ரத்தம் வந்துச்சு.
இன்னைக்குப் பரவால்ல. வலியே இல்ல.

போனில் டார்ச்சைப் போட்டேன்.
தலையைத் தூக்கு என்றேன்.
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்றான்.
பார்க்கட்டும், தூக்கு.